அலைச்சறுக்கில் அடி எங்கிருந்து வருகிறது? கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சர்ஃபிங் கற்கப் போகிறேன் சார். வீட்டில் சுறா சுறா என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: சுறாவை விடுங்கள், உங்கள் போர்டுக்குப் பயப்படுங்கள். பெரும்பாலான காயங்கள் சொந்தப் போர்டு பட்டுத்தான் வருகின்றன. வெட்டுக்காயம்தான் அதிகம், தலை, முகம், கால். வாங்கும்போது "வேகமாகப் போகுமா" என்று கேட்பதற்கு முன் "தலையில் விழுந்தால் என்ன ஆகும்" என்று கேளுங்கள்.

கேள்வி: சாஃப்ட் டாப் (மேல்தோல் மெத்தென்ற போர்டு) சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் மாதிரி இருக்கிறதே அண்ணா, நேராகக் கெட்டியான ஃபைபர் போர்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 8 அடி சாஃப்ட் டாப்பில் ஆரம்பியுங்கள். அதற்காக அதைப் பஞ்சுத் தலையணை என்றும் நினைத்துவிடாதீர்கள். மேல்தோல்தான் மெத்தென்றிருக்கும், அலை தூக்கி எறிந்தால் அதுவும் பல்லைப் பெயர்க்கும்.

கேள்வி: போர்டின் அடியில் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின் கிழித்துத் தொடையில் ஏழு தையல். இனி என்ன செய்ய?

பதில்: ஃபின்னின் பின் விளிம்பை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கத்தி போல இருந்தால் நுண்ணிய உப்புத்தாளை நனைத்து நாலைந்து இழுப்பு இழுத்து மழுக்குங்கள். ஓட்டத்தில் வித்தியாசம் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. விளிம்பில் ரப்பர் வைத்த ஃபின்களும் கிடைக்கின்றன. போர்டின் மூக்கு கூராக இருந்தால் சிலிகான் மூடி ஒட்டுங்கள்.

கேள்வி: போர்டைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு எவ்வளவு நீளம்?

பதில்: போர்டின் நீளம், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். குட்டையாக இருந்தால் போர்டு உங்கள்மேலேயே திரும்பிப் பாயும். வெட்சூட்டுக்கு (குளிர்நீரில் அணியும் உடை) பேர்போன ஜாக் ஓ'நீல் 1971-ல் இடது கண்ணை இழந்தது லீஷ் சுண்டி இழுத்துப் போர்டு முகத்தில் அடித்ததால்தான். விழுந்தால் உடனே தலையைத் தூக்காதீர்கள்; இரு கைகளாலும் முகத்தையும் தலையையும் மறைத்துக்கொண்டு மேலே வாருங்கள். அவசரப்பட்டு எழுந்ததற்கு என் புருவத்தில் ஒரு தழும்பு சாட்சி. லீஷைக் கையில் சுற்றிப் பிடிக்கவும் கூடாது, விரல் போய்விடும்.

கேள்வி: முதல் நாள் வகுப்பு. ஒரு மணி நேரம் போர்டில் குப்புறப் படுத்திருந்தேன். திடீரென்று முதுகில் வலி, கால் மரத்தது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: சரியாகிவிட்டது என்று விடாதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்ஃபர்ஸ் மைலோபதி என்று ஒரு தண்டுவடப் பாதிப்பு உண்டு. 2004-ல்தான் மருத்துவ இதழில் முதலில் பதிவானது. அடி எதுவும் படாமலே, முதுகை வளைத்து நெடுநேரம் படுத்திருக்கும் புதியவர்களுக்கு வருகிறது. தண்டுவடத்துக்கு ரத்தம் குறைவதே காரணம் என்று கருதுகிறார்கள். சிலருக்குக் கால்கள் செயலிழந்தே போயிருக்கின்றன. இனி அடிக்கடி எழுந்து உட்காருங்கள். முதுகு வலித்தால் அந்த நொடியே கரைக்கு வாருங்கள். கால் மரத்தால் நேராக அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: ஹெல்மெட்?

பதில்: பாறை, பவளத்திட்டு, கூட்டம் இருந்தால் கட்டாயம். நீர் விளையாட்டுக்கென்று செய்ததாக இருக்கட்டும், சைக்கிள் ஹெல்மெட் உதவாது.

கேள்வி: பழைய போர்டின் ஓரம் லேசாக உடைந்திருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: உடைந்த ஃபைபர் கண்ணாடிச் சில்லு மாதிரி அறுக்கும், தண்ணீரும் உள்ளே இறங்கும். நன்றாகக் காயவைத்து, ரெசின் என்ற பிசினைப் பூசித் தேய்த்த பிறகு எடுத்துப் போங்கள்.