சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட்டில் ஆறரை மணி நேரம், பறப்பது எவ்வளவு?

கேள்வி: ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறேன். தூரம் 15,350 கி.மீ. என்று ஓர் இடத்திலும் 16,500 என்று இன்னோர் இடத்திலும் இருக்கிறது. டிக்கெட்டிலோ இரவு 12.10-க்குக் கிளம்பி, அதே தேதி காலை 6.40-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் எத்தனை மணி நேரம்?

பதில்: பதினெட்டரை மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூனில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆறரையோடு அந்தப் பன்னிரண்டைக் கூட்டுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் 13 மணி நேரம். தேதியிலும் கவனம் வேண்டும்: டிக்கெட்டில் 12-ஆம் தேதி 12.10 என்றிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 11-ஆம் தேதி இரவு. இதில் ஏமாந்து விமானத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு.

தூரக் கணக்கு இரண்டுமே சரிதான். 15,350 என்பது நேர்வழி. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், வடதுருவத்தை ஒட்டிப் போகும். 16,500 என்பது பிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போகும் வழி.

ஆனால் இடைநில்லா விமானமும் பெரும்பாலும் அந்த நூல் வழியே போவதில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று இருக்கிறதே, விமானிக்கு அது இலவச எரிபொருள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 150 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரைக்கணக்கில் வேகம் 1,050. அதனால் ஜப்பான் பக்கமாக வளைந்து, பசிபிக்கைக் கடந்து, கூடுதல் தூரம் போனாலும் சீக்கிரம் சேர்ந்துவிடும். எந்தப் பாதை என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அடக்கம். அரை மணி முன்பின் ஆனால் பதற வேண்டாம்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இயக்கும் நெடுந்தூர ஏர்பஸ் ஏ350-இல் இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிராங்க்ஃபர்ட் வழியில் எகானமி உண்டு, மொத்தப் பயணம் ஏறத்தாழ 24 மணி நேரம். தூரம் ஆயிரம் கிலோமீட்டர்தான் கூடுதல். மற்ற நேரத்தை இறங்கி ஏறுவதும் எதிர்க்காற்றும் தின்றுவிடுகின்றன. முழங்கால் வலியோ கால் வீக்கமோ உள்ளவர் என்றால் நான் பிராங்க்ஃபர்ட்டையே சொல்வேன், நடுவில் எழுந்து நடக்கலாம். முன்பு காலில் ரத்தம் உறைந்த தொந்தரவு இருந்திருந்தால், எந்த வழியானாலும் டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.