ஆர்ட் பேப்பரில் காயாத மை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சாதாரணத் தாளில் நொடியில் காயும் நீர்வழி இங்க்ஜெட் மை, ஆர்ட் பேப்பரில் பத்து நிமிடம் கழித்தும் விரலில் ஒட்டுகிறது. கோளாறு தாளிலா, மையிலா?

பதில்: சாதாரணத் தாளில் மை காய்வதில்லை, உறிஞ்சப்படுகிறது. நார்களுக்கு இடையே பல மைக்ரான் அகல இடைவெளிகள் இருப்பதால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆர்ட் பேப்பரில் கால்சியம் கார்பனேட்டையும் கயோலின் களிமண்ணையும் பசையால் பிணைத்துப் பூசி, உருளைகளில் அழுத்தி வழவழப்பாக்கியிருப்பார்கள். அந்தப் பூச்சின் துளைகள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு மைக்ரான் கனத்தில் படியும் ஆஃப்செட் மைக்காகச் செய்த தாள் அது.

இங்க்ஜெட்டில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) அடர்த்தியில் 3 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளிகளால் ஒரு நிறத்தை முழுதாக நிரப்பினால், ஈரப்படலம் ஏறக்குறைய 6.7 மைக்ரான் வரும். அதில் எழுபது சதவீதம் தண்ணீர். இறங்க வழி குறைவு என்பதால் பெரும்பகுதி மேலே ஆவியாகித்தான் போக வேண்டும். தண்ணீர் போய்விடும், போகாமல் தங்குவது, மை சீக்கிரம் காயாமலிருக்கச் சேர்க்கும் கிளிசரின். அதன் கொதிநிலை 290 டிகிரி. 100 கிராம் மையில் 10 கிராம் கிளிசரினும் 8 கிராம் திடப்பொருளும் இருந்தால், தண்ணீர் போனபின் தாளில் மிஞ்சுவது திடப்பொருளைவிடக் கிளிசரின் அதிகமுள்ள ஒரு குழம்பு. அது விரலில் ஒட்டாமல் என்ன செய்யும்? ஹீட்டரைக் கூட்டுவதற்கு முன் மையின் கலவைப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: கிளிசரினை எடுத்துவிட்டால் நாசில் (மை துளியாக வெளியேறும் நுண்துளை) அடைத்துக்கொள்கிறதே! தொடங்குவதற்கு ஒரு கலவை தர முடியுமா?

பதில்: இந்த வேலையின் முழுச் சிக்கலும் இதுதான். தாளில் காய வேண்டிய மை நாசில் வாயில் காயக் கூடாது. கிளிசரினின் இடத்தில் 188 டிகிரியில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைக்காலை வையுங்கள். நாசிலை ஓரளவு ஈரமாக வைத்திருக்கும், சூடான தாளிலிருந்து கிளம்பியும் போகும்.

பியசோ ஹெட்டுக்கு (மின்துடிப்பில் அசையும் பாகத்தால் துளியைத் தள்ளும் அச்சுத்தலை), 100 கிராம் மைக்கு: 15 சதவீத நிறமி உள்ள நிறமிக் கரைசல் (தண்ணீரில் நுண்துகள்களாகப் பரவிய நிறமி) 25 கிராம், 40 சதவீதத் திடப்பொருள் உள்ள அக்ரிலிக் லேட்டக்ஸ் (காய்ந்தால் படலமாகும் பாலிமர் துகள்கள் மிதக்கும் பால்போன்ற நீர்மம்) அல்லது பாலியூரித்தேன் 15, புரொப்பிலீன் கிளைக்கால் 15, 1,2-ஹெக்ஸேன்டையால் 4, மையைத் தாளில் பரவச் செய்யும் அசிட்டிலீன் டையால் வகை பரப்பு இழுவிசைக் குறைப்பான் 0.5, கிருமித்தடுப்பான் 0.1, பிஎச் 8.5 வருவதற்குச் சில துளி அமீன். மீதி, அயனி நீக்கிய தண்ணீர். இது தொடக்கப் புள்ளிதான். உங்கள் ஹெட் கேட்கும் பாகுநிலையைப் பார்த்துக் கிளைக்காலையும் தண்ணீரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கலக்கும் வரிசையில் அவசரம் வேண்டாம். தண்ணீர், கிளைக்கால், ஹெக்ஸேன்டையால், இழுவிசைக் குறைப்பான், அமீன் ஆகியவற்றை முதலில் ஒன்றாக்குங்கள். பிறகு லேட்டக்ஸ், கடைசியில் நிறமிக் கரைசல். இரண்டையும் கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக விட வேண்டும். நிறமிக் கரைசலில் கிளைக்காலை நேரே கொட்டினால், நிறமித் துகள்களைப் பிரித்து வைத்திருக்கும் பாலிமர் உறை கழன்று துகள்கள் திரளும். அரை மணி நேரம் கலக்கியபின் 5 மைக்ரான் வடிகட்டியிலும் அடுத்து 1 மைக்ரான் வடிகட்டியிலும் வடித்து, வெற்றிடத்தில் காற்றை நீக்குங்கள்.

லேட்டக்ஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு லேட்டக்ஸுக்கும் படலமாக இணைவதற்கான குறைந்தபட்ச வெப்பநிலை உண்டு. அது அறை வெப்பநிலைக்கும் கீழே இருந்தால் நாசிலிலேயே தோலாக இறுகிவிடும், கழுவினாலும் வராது. 80 டிகிரி லேட்டக்ஸை எடுத்துத் தாளை 50 டிகிரிக்கே சூடாக்கினால், நிறம் பொடியாகத் தேய்ந்து வரும். ஹீட்டர் உள்ள எந்திரத்துக்கு 50 முதல் 60 டிகிரி வகை பொருந்தும்; ஹெக்ஸேன்டையால் அந்த வரம்பை இன்னும் சற்று இறக்கித் தரும்.

நாசில் தாங்குகிறதா என்று பார்க்க, சோதனைக் கோடுகளை அடித்துவிட்டு ஹெட்டை மூடாமல் 1, 5, 10, 30 நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். காணாமல் போன கோடுகளை எண்ணினால் போதும். 5 நிமிடத்திலேயே கோடுகள் விழுந்தால் உடனே கிளிசரினுக்கு ஓடாதீர்கள். துளி விடாமல் மையை மட்டும் அசைக்கும் மின்துடிப்பு, மூடி, மைச் சுழற்சி ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். அதன்பிறகும் போதவில்லை என்றால் கிளிசரின் 2 கிராம் வரை, அதற்குமேல் வேண்டாம்.

கேள்வி: முழு நிறப் பரப்பு திட்டுத்திட்டாக வருகிறது. இழுவிசைக் குறைப்பானைக் கூட்டியும் பலனில்லை.

பதில்: பக்கத்துப் பக்கத்துத் துளிகள் ஈரமாகவே தொட்டு, ஒன்றையொன்று இழுத்துக் குவிகின்றன. நிதானமாக அளந்த பரப்பு இழுவிசை 25 மில்லிநியூட்டன்/மீட்டர் என்று காட்டினாலும், துளி தாளைத் தொட்ட சில மில்லிவிநாடிகளில் அது அதைவிட மிக உயர்ந்து இருக்கலாம். குறைப்பானின் மூலக்கூறுகள் பரப்புக்கு வந்து சேர நேரம் வேண்டுமே. குமிழி அழுத்த முறையில் (மைக்குள் ஊதும் குமிழியின் அழுத்தத்தைக் கொண்டு இழுவிசையைக் கணிப்பது) 10 மில்லிவிநாடி அளவில் அளந்து பாருங்கள். அளவைக் கூட்டுவதைவிட வேகமாகப் பரப்புக்கு வரும் வகைக்கு மாறுவதே வழி.

அதுவும் போதாதென்றால் முன்பூச்சு. கால்சியம் நைட்ரேட் அல்லது கால்சியம் அசிட்டேட் கரைசலை மெல்லியதாகப் பூசினால், மை விழுந்ததும் நிறமி அங்கேயே உறைந்து நிற்கும். கால்சியம் குளோரைடும் வேலை செய்யும், ஆனால் குளோரைடு எஃகு பாகங்களை அரிக்கும். முன்பூச்சின் சாரல் ஹெட் பக்கம் போகவே கூடாது. போனால் மை நாசிலிலேயே உறையும்.

கேள்வி: ஹீட்டரைக் கூட்டினால் தாள் சுருள்கிறது, கொப்புளிக்கிறது.

பதில்: இருபுறமும் பூசிய தாளுக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றிப் பூச்சைத் தூக்குகிறது. வெப்பத்தைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மையின் மேல் படியும் ஈரக்காற்றைச் சூடான காற்று அடித்து விலக்கினால் ஆவியாதல் வேகமெடுக்கும். தேவைப்படும் ஆற்றலையும் கணக்குப் போடுங்கள்: சதுர மீட்டருக்கு 4.7 கிராம் தண்ணீர் (மேலே சொன்ன 6.7 மைக்ரான் படலத்தில் எழுபது சதவீதம்) என்றால் ஆவியாக்க மட்டும் சுமார் 11 கிலோஜூல். 50 செ.மீ. அகலத் தாள் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 5.5 கிலோவாட். தாளும் காற்றும் சூடாவதையும் சேர்த்தால் பல மடங்கு வேண்டும்.

கேள்வி: காய்ந்ததை எப்படி அளப்பது?

பதில்: விரல் ஆளுக்கு ஆள் மாறும். அச்சடித்த 5, 10, 30, 60 விநாடிகளில் வெள்ளைத் தாளை வைத்து, ஒரே எடையுள்ள உருளையை ஒருமுறை உருட்டி, ஒட்டிய நிறத்தை அடர்த்திமானியில் (நிறத்தின் அடர்வை அளக்கும் கருவி) படியுங்கள். மறுநாள் உலர் துணியால் ஐம்பது முறை தேய்ப்பது வேறு சோதனை. அது படலத்தின் வலிமையைச் சொல்லும். முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றால் லேட்டக்ஸைப் பாருங்கள். முதலாவதிலேயே தோற்றால் கிளைக்காலையோ காற்றையோ பாருங்கள்.