தலையணைக்கு அடியில் இட்லி: குழந்தைகள் இல்லம் பற்றிக் கேள்வி பதில்

8 வருடம் ஆற்றுப்படுத்துநராக (மனநல ஆலோசகராக) இருந்தேன், இப்போது 6 வருடமாக ஒரு குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர். மனக்காயத்தோடு வரும் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன்.

நான் புதிதாகச் சேர்ந்த இல்லத் தாய். 10 வயதுப் பையன் ஒருவன் ராத்திரி இட்லியைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். கட்டில் முழுக்க எறும்பு. மூன்று வேளையும் வயிறு நிறையத்தான் போடுகிறோம். இந்தத் திருட்டுப் புத்தியை எப்படி மாற்றுவது?

முதலில் 'திருட்டு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள் அம்மா. நாளைக் காலையும் அடுப்பு எரியும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் பார்த்த வீட்டில் அதற்கு உத்தரவாதம் இருந்ததில்லை.

மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கி, அவன் பெயர் எழுதிக் கொடுங்கள். பொரிகடலை, பிஸ்கட் என்று ஊசிப்போகாத எதையாவது போடுங்கள். "இது உன்னுடையது, நாங்கள் யாரும் திறக்க மாட்டோம், தீர்ந்தால் சொல், நிரப்பித் தருகிறேன்." சொன்னபடி திறக்காமலும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டம். எங்களிடம் இருந்த ஒருவன் முதல் சில வாரம் ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பான். கடலை சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்துவிடுவான். நான்கு மாதம் கழித்து அவனே என்னைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினான். உள்ளே ஏழெட்டுக் கோலிக்குண்டும் ஒரு செத்த பொன்வண்டும் இருந்தன. கடலை ஒன்றுகூட இல்லை.

பெண் பிள்ளைகள் இல்லம். 14 வயதுப் பெண், காலையில் எழுப்பப் போனால் உதைக்கிறாள், கடிக்கிறாள். வார்டனுக்குக் கையில் தையல் போட்டோம். தண்டனையே கூடாது என்றால் 40 பேரை எப்படிச் சமாளிப்பது மேடம்?

எப்படி எழுப்புகிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் என் ஊகம்: லைட்டைப் போட்டுப் போர்வையை இழுப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். இருட்டில் யாரோ போர்வையை இழுத்ததுதான் ஒரு பெண்ணின் மிக மோசமான நினைவு என்றால், அந்த உதை உங்கள் வார்டனுக்கு விழுந்தது இல்லை. வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தொட வேண்டாம். முதல் நாள் ராத்திரியே "காலையில் இந்த அக்கா வருவார், வாசலில் நின்று கூப்பிடுவார்" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளை என்ன செய்தாள் என்பதைவிட எத்தனை மணி, எந்த இடம், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது தெரிய ஆரம்பிக்கும். எங்கள் நோட்டில் பாதிச் சண்டை மாலை 6 மணிக்கு மேல், குளியலறை வரிசையில். வாளியும் குழாயும் கூட்டினோம், பாதி குறைந்தது. இதற்கு மனநல மருத்துவர் வரவேண்டியதில்லை, பிளம்பர் போதும்.

கொந்தளித்து நிற்கும்போது நியாயம் பேசாதீர்கள். புரூஸ் பெர்ரி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு வரிசை சொல்வார்: முதலில் உடம்பு அடங்க வேண்டும், பிறகு பக்கத்தில் ஒரு மனிதர், கடைசியில்தான் விளக்கம். நம் ஆட்கள் விளக்கத்தில்தான் ஆரம்பிப்பார்கள், அதுவும் சத்தமாக. தட்டை உடைத்தால் ஆறிய பிறகு கூடவே உட்கார்ந்து பொறுக்கச் சொல்லுங்கள். அது தண்டனை ஆகாது. அடி என்றால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு இருக்கிறது. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மறுபடியும் என்றால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ.

பிள்ளையிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?

தோண்டாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் வன்முறை என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லப் போகிறோம், யாரிடம், எப்போது என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

என் மகனுக்குப் பிறந்தநாள். ஒரு இல்லத்தில் கேக் வெட்டி, பிரியாணி போட்டு, பிள்ளைகளோடு நாலு போட்டோ எடுக்கலாம் என்றிருக்கிறோம். தப்பா?

பிரியாணி தப்பே இல்லை. மற்ற இரண்டும்தான்.

போட்டோவை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. ஒரு பெண் எந்த அப்பாவிடமிருந்து தப்பிக்க வந்தாளோ அவர் கைக்கு அந்தப் படம் போனால்?

கேக்குக்கு வருகிறேன். 1 மணிக்கு வருவதாகச் சொன்ன குடும்பம் இரண்டரைக்கு வரும். அதுவரை பிள்ளைகள் தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாத பையனுக்குக் கைதட்டிப் பாட்டுப் பாடுவார்கள். கிளம்பும்போது யாராவது ஒருவர் குட்டிப் பெண்ணைத் தூக்கிக் கொஞ்சி, "ஆன்ட்டி அடுத்த வாரம் வரேன்" என்பார். அவள் ஜன்னலோரம் நிற்பதை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், நாங்கள் பார்ப்போம். வரமாட்டோம் என்றால் வருகிறேன் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

பணத்தைக் கொடுத்து, அந்த மாதம் இல்லத்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்கள் பெயரில் விருந்து வைக்கச் சொல்லுங்கள். கேக்கை அந்தப் பிள்ளை வெட்டட்டும்.

இல்லத்தில் மூன்று வருடமாக வேலை, இரவுப் பணிதான் அதிகம். முடியவில்லை, விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் அழுவார்கள் என்று சொல்லாமலே போகச் சொல்கிறார்கள்.

போவதில் தவறில்லை. தூக்கமில்லாத ஆளால் பொறுமையாக இருக்க முடியாது. இதை நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். இவர்கள் வாழ்க்கையில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். இரண்டு வாரம் முன்பே தேதியைச் சொல்லி, காலண்டரில் வட்டம் போடுங்கள். அழுவார்கள், ஒன்றிரண்டு பேர் உங்களைத் திட்டவும் செய்வார்கள். இருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை. இல்லத்தில் விட்டால் நல்லா இருப்பாங்களா அக்கா?

வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம் என்று சட்டமே சொல்கிறது. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இல்லத்தில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள். நல்ல இல்லம்கூட வீடு ஆகாது, நடத்துகிற நானே சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது பணம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

எனக்கு வரும் மார்ச்சில் 18 முடிகிறது. 7 வயதிலிருந்து ஹோமில்தான் இருக்கிறேன். அடுத்து என்ன?

தம்பி, 18 முடிந்த அன்றே எல்லாம் நின்றுவிடாது. பிற்காப்பு என்று ஒன்று உண்டு. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, தங்கவோ படிக்கவோ தொழில் கற்கவோ உதவி கேட்கலாம். இரண்டு மாதம் முன்பே உனக்கான திட்டத்தை, உன்னை இல்லத்தில் சேர்க்க உத்தரவிட்ட குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும், அதனால் டிசம்பரிலேயே கேட்க ஆரம்பி. ஆதார், பிறப்புச் சான்று, மார்க் ஷீட், சாதிச் சான்று, உன் பெயரில் பாஸ்புக், குழுவின் உத்தரவு நகல், எல்லாம் கைக்கு வரட்டும். பின்னால் அலைவது பெரும்பாடு.

பொங்கல், தீபாவளிக்கு அங்கே வரலாமா என்றும் இப்போதே கேட்டுவிடு. வரலாம் என்றால், கிளம்பும் முன் ஒரு போன் செய். காலையிலேயே அரிசி அளந்துவிடுவார்கள்.