பயிற்சியாளர் பக்கம்: பையன் வளர்கிறானா, ஆட்டம் வளர்கிறதா?

கேள்வி: ஊரில் 14 முதல் 17 வயது வரை உள்ள 20 பையன்களுக்கு மாலையில் கபடி சொல்லித் தருகிறேன். யார் முன்னேறுகிறான் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். எழுதி வைக்க என்ன சோதனைகள் வைக்கலாம்?
*வாசகர், வள்ளியூர்*

பதில்: போன வாரம் நன்றாகப் பாடிப் போனவனைத்தான் கண் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் நோட்டு கட்டாயம் வேண்டும். சோதனை மூன்று போதும்: 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், 20 மீட்டர் பீப் டெஸ்ட் (20 மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே, அடுத்த பீப் ஒலிக்குள் மாறி மாறி ஓடுவது). பத்து வைத்தால் இரண்டாம் தடவையே நீங்கள் கைவிட்டுவிடுவீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள்.

ஓட்டத்தில் வாட்ச் பிடிப்பவர் முடிவுக் கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பையனின் கால் அசைந்ததும் அழுத்தி, நெஞ்சு கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். இரண்டு ஓட்டம், நடுவில் மூன்று நிமிட ஓய்வு, நல்ல நேரத்தை எழுதுங்கள். 0.1 விநாடி குறைந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம், அது வாட்ச் பிடித்தவரின் கட்டைவிரல் செய்த வேலையாக இருக்கலாம். எப்போதும் ஒரே ஆள், ஒரே வாட்ச். போன தடவை வெறுங்காலில் ஓடியவன் இந்தத் தடவையும் வெறுங்காலில்தான் ஓட வேண்டும்.

உங்கள் பக்கம் இதைவிடப் பெரிய தொல்லை காற்று. பணகுடி, வள்ளியூர்ப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கிற மேல்காற்றை முதுகில் வாங்கி ஓடியவன், காற்றடங்கிய ஐப்பசியில் அதே தூரத்தை ஓடினால் பின்தங்கியது போலத் தெரியும். தடத்தைக் காற்றுக்குக் குறுக்கே போடுங்கள். தேரி மணல் மாதிரிப் புதைகிற தரையும் வேண்டாம், இறுகிய தரையில் ஓடவிடுங்கள்.

தாண்டுதலில் கால்விரல் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இறங்கிய இடத்தில் கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற குதிகாலின் பின்புறம் வரை டேப்பால் அளக்க வேண்டும். பின்னால் சாய்ந்து கையை ஊன்றிவிட்டால் திரும்பத் தாண்டச் சொல்லுங்கள். மூன்று முறையில் சிறந்ததை எழுதுங்கள்.

பீப் டெஸ்ட் மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கும், நிமிடத்துக்கு 0.5 கி.மீ. கூடும். தொடர்ந்து இரண்டு முறை பீப்புக்குள் கோட்டைத் தொடாதவன் வெளியே வர வேண்டும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, 20 மீட்டரைக் காலடியால் எண்ணிப் போடுவது. 19 மீட்டராகப் போய்விட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் 5 சதவீதம் சலுகை கிடைத்துவிடும்.

இவை உடம்பைப் பற்றித்தான் சொல்லும். ஆட்டத்துக்குத் தனி நோட்டு போடுங்கள். பயிற்சி மேட்சில் ரெய்டுக்கு ஒரு வரி: யார் பாடினான், எந்தப் பக்கம் நுழைந்தான், எதிரே எத்தனை பேர், தொட்டானா, போனஸா (போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி), வெறும் ரெய்டா, பிடிபட்டானா, பிடித்தது யார், எந்தப் பிடி. எதிரே ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் இல்லை, அதனால்தான் ஆள் எண்ணிக்கையும் வேண்டும். ‘பத்து ரெய்டில் நாலு தடவை அவுட்’ என்ற கணக்கால் பிரயோசனம் இல்லை. அந்த நாலில் மூன்று லெஃப்ட் கார்னரின் (இடது ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரின்) ஆங்கிள் ஹோல்டில், அதாவது கணுக்கால் பிடியில் என்று தெரிந்தால்தான், திரும்பும்போது அவன் பின்காலைக் கார்னர் பக்கம் நீட்டிப் போடுகிறான் என்பது பிடிபடும். அடுத்த வாரப் பயிற்சி அந்தக் கால்தான்.

கேள்வி: வாலிபால் ஆடிய பட்டதாரி நான். பயிற்சியாளராக என்ன படிக்க வேண்டும்?
*வாசகர், திசையன்விளை*

பதில்: பள்ளி வேலைக்கு பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்), பயிற்சியாளர் வேலைக்கு என்.ஐ.எஸ். டிப்ளமோ. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் இதை நடத்துகிறது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் அங்கே உண்டு, ஆனால் அது டிப்ளமோவுக்கு ஈடாகாது.

அதற்குமுன் காசில்லாமல் ஒரு பாடம் படிக்கலாம். நல்ல பயிற்சியாளர் ஒருவரின் மைதானத்தில் உட்கார்ந்து, ஒரு பையனை மட்டும் பாருங்கள். எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறான்? 20 பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால், ஆளுக்கு 15 விநாடி என்றாலும் ஒருவனுக்கு முறை வர 5 நிமிடம் ஆகும். அதையே நாலு வரிசையாக்கினால் 75 விநாடிதான். புதுப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: 13 வயது மகன் ஹாக்கி ஆடுகிறான். திடீரென்று வளர்ந்துவிட்டான். பந்து முன்னைப் போல ஸ்டிக்கில் நிற்பதில்லை, முட்டிக்குக் கீழே வலி என்கிறான். இனி வேண்டாம் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
*வாசகி, கோவில்பட்டி*

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. பையன்களுக்குச் சராசரியாக 14 வயதை ஒட்டியும் பெண் பிள்ளைகளுக்கு 12-ஐ ஒட்டியும் உயரம் வேகமாக ஏறும். கைகாலின் நீளம் மாறியதால் பழைய கணக்கு தப்பும். சில மாதங்களில் கூடிவரும். இந்த நேரத்தில் ஆளைக் கழிப்பது பயிற்சியாளரின் அவசரம். சீக்கிரம் வளர்ந்தவன் இன்று ஜெயிப்பான், எப்போதும் ஜெயிப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் உயரம் அளங்கள். மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையும் என்பதால் நேரம் மாறக் கூடாது. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நேரே பார்க்கட்டும், தலைமேல் மட்டமாக ஒரு பலகையை வைத்துக் கோடு போடுங்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் வேக வளர்ச்சி. அப்போது குதிப்பதையும் முழு வேக ஓட்டத்தையும் குறைத்து, ஸ்டிக் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே புடைத்த எலும்பைத் தொட்டால் வலிப்பது இந்த வயதில் சகஜம், தசைநார் அங்கே இழுப்பதால் வருவது. நொண்டினாலோ, வீங்கினாலோ, இரவில் வலித்து எழுந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எடைப் பிரிவுக்குள் வர, பிள்ளைகள் போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிறார்கள். சரியா?
*உடற்கல்வி ஆசிரியை, சங்கரன்கோவில்*

பதில்: சரியே இல்லை, டீச்சர். குறைவது கொழுப்பல்ல, தண்ணீர். 50 கிலோ பையனுக்கு ஒரு கிலோ தண்ணீர் குறைந்தாலே ஓட்டம் சோர்ந்துவிடும். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே எடை பாருங்கள், வரம்புக்கு மேல் நிறைய இருந்தால் அந்தப் பிரிவில் பெயர் கொடுக்காதீர்கள். வெயிலில் ஓடி மயங்கினாலோ உளறினாலோ நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.