பின்தொடை வலியும் பச்சிமோத்தாசனமும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 47. வங்கியில் நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. காணொளிகளைப் பார்த்துச் சில மாதங்களாக யோகாசனம் செய்துவருகிறேன். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தாசனத்தில் கால்விரல்களைத் தொட்டுவிட வேண்டும் என்று விடிகாலையில் எழுந்ததும் முயல்கிறேன். முன்பைவிட நன்றாகக் குனிய முடிகிறது. ஆனால் சில வாரங்களாக வலது பிட்டத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் வலி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு இழுத்தால்தான் தசை நீளும் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். தொடரலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அந்த ஆசனத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

பின்தொடைத் தசைகள், ஒரு சிறு பகுதி நீங்கலாக, நாம் உட்காரும்போது இருக்கையில் அழுந்தும் இடுப்பெலும்பின் முண்டிலிருந்து தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழே சென்று முடிகின்றன. முழங்காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு ஆழமாகக் குனியும்போது, அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண் இழுபடுவதோடு அந்த எலும்பின்மேல் அழுத்தவும் படுகிறது. வலி தசையின் நடுவில் இல்லாமல் எலும்பை ஒட்டி இருப்பதையும், உட்கார்ந்தால் கூடுவதையும் பார்த்தால், தசைநாண் நைந்திருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. ஆசனங்களில் தீவிரமாக ஈடுபடுபவர்களுக்கும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் வரும் தொல்லை இது. மேலும் இழுப்பது இதை வளர்க்கவே செய்யும். கடிதத்தைக் கொண்டு இதை உறுதிசெய்ய இயலாது என்பதால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். காலில் மரத்துப்போதலோ, பாதம்வரை சுரீரென ஓடும் வலியோ இருந்தால் அது நரம்பு சார்ந்ததாக இருக்கலாம். அப்போது தாமதமே கூடாது.

உங்கள் நண்பரின் கருத்து பலரும் நம்புவதுதான். தசைக்குள் அதன் நீளத்தையும் நீளும் வேகத்தையும் கண்காணிக்கும் நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசையைச் சட்டென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசை எதிர்த்துச் சுருங்குகிறது. லிடெல், ஷெரிங்டன் என்னும் இரு உடலியலாளர்கள் 1924-இல் விளக்கிய அனிச்சைச் செயல் இது. குதித்துக் குதித்துக் குனிவதால் பயன் குறைவு என்பதற்கு ஒரு காரணமும் இதுவே. மெதுவாக இழுத்தாலும், முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றம் தசை நீண்டதால் வருவது என்று சொல்வதற்கில்லை. 1996-இல் டென்மார்க்கில் மாக்னுசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு கால் கூடுதலாக உயர்ந்தது. ஆனால் ஒரே கோணத்தில் அளந்தபோது தசையின் எதிர்ப்பு முன்பிருந்த அளவிலேயே இருந்தது. இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் தன்மைதான் வளர்ந்திருந்தது. ஆகவே இது நரம்பு மண்டலத்தைப் பழக்கும் வேலை. வலியோடு இழுத்தால் உடல் தற்காப்புக்காக இன்னும் இறுகும். முகம் சுளிக்காமல், மூச்சை அடைக்காமல் இருக்கக்கூடிய அளவே சரியான இழுப்பு.

நீங்கள் தேர்ந்தெடுத்த வேளையும் உகந்ததன்று. இரவில் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை ஈர்த்துச் சற்றே உப்பியிருப்பதால், எழுந்தவுடன் ஆழமாகக் குனியும்போது அவற்றின்மீதும் முதுகின் இணைப்புத் திசுக்கள்மீதும் விழும் சுமை மற்ற வேளைகளைவிட அதிகம். யோகாசன ஆசிரியர்கள் சிலர் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடும்; ஆனாலும் முதல் ஒரு மணிநேரத்தை விட்டுவிட்டு, ஐந்து பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். மாலை இன்னும் நல்லது.

வலி தணியத் தொடங்கியதும் இழுப்பதற்கு முன் வலுவூட்டுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கிச் சில நொடிகள் நிறுத்துவது நல்ல தொடக்கம்; கைகளில் எடையுடன் இடுப்பிலிருந்து மெதுவாகக் குனிந்து நிமிர்வது மிகவும் பிந்தைய படி. மூட்டை அது அசையக்கூடிய முழு எல்லைவரை அசைத்துச் செய்யும் எடைப்பயிற்சி, நீட்சிப் பயிற்சிக்கு இணையாக நெகிழ்வைக் கூட்டுகிறது என்று 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. பிறகு, படுத்தபடி பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றி, முழங்காலைச் சிறிது மடக்கியே காலை உயர்த்துங்கள். ஒருமுறைக்கு 10 முதல் 30 நொடிகள், ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் ஒரு நிமிடம், வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள்: அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் இவ்வளவே கேட்கிறது.

கால்விரலைத் தொடுவதை இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கையின் நீளமும் இடுப்பு மூட்டுக் குழியின் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. எலும்பில் எலும்பு முட்டும் இடத்தில் எந்தப் பயிற்சியும் உதவாது. தொட்டே தீரவேண்டுமென்று முதுகைக் கூனாக்கிக்கொள்பவர்கள்தாம் அதிகம். எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு அந்தக் கூனலே முதுகெலும்பு முறிவில் முடியக்கூடும்.

தசைநாண் ஆற மாதங்கள் பிடிக்கும். அதுவரை அலுவலக நாற்காலியில் மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். இடையிடையே எழுந்து நில்லுங்கள். கெண்டைக்காலையும், உட்கார்ந்தே குறுகிப்போகும் இடுப்பின் முன்புறத் தசைகளையும் நீட்டுவதற்கு இந்த வலி தடையாக இராது.