புலனாய்விலிருந்து அரசியல் வானொலிக்குப் போகும் முன்

கேள்வி: அரச புலனாய்வில் பகுப்பாய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தனியார் தமிழ் வானொலி ஒன்று வாராந்த அரசியல் நிகழ்ச்சி நடத்தக் கேட்கிறது. நேயர் அழைப்புகளும் உண்டு. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம் ஐயா. ஆனால் 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோக இரகசியங்கள் சட்டம் ஓய்வோடு உங்களை விட்டுவிடாது. வேலையில் கையெழுத்திட்ட கடதாசிகளையும் வானொலி ஒப்பந்தத்தையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நிலையத்தின் உரிமையாளர் எந்தக் கட்சிப் பக்கம் என்றும் விசாரியுங்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயில் இருந்த ஜோன் கிரியாகூ பின்னர் ரஷ்ய அரசின் ஸ்புட்னிக் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். அப்படியான இடத்திலிருந்து எதைப் பேசினாலும் சம்பளம் யாருடையது என்ற கேள்வி கூடவே வரும்.

இரகசியம் சொல்லித்தான் ஆட்களைக் கேட்கவைக்கலாம் என்று நிலையம் நினைக்கக்கூடும். தேவையே இல்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 4இல் வெளிநாட்டு எச்சரிக்கை வந்தது, 21இல் குண்டுகள் வெடித்தன. அதைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12 தீர்ப்பில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரை 7.5 கோடியும் நட்டஈடாகக் கட்டச் சொன்னது. எல்லாமே பகிரங்கம். ஓர் எச்சரிக்கையை எப்படி எடைபோடுவது, அது ஏன் கடிதத்திலிருந்து கடிதமாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்று விளக்க உங்களால் முடியும், சாதாரண அறிவிப்பாளரால் முடியாது. “எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்” என்ற வசனம் மட்டும் வாயில் வரக்கூடாது. அது சட்டத்தையும் சீண்டும், நேயரையும் எரிச்சலாக்கும்.

கஷ்டமான பகுதி அழைப்புகள்தான். நம் சனத்துக்குப் புலனாய்வு என்றால் வீட்டு வாசலில் வந்து நின்று விசாரித்துப் போனவர்கள். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை, சட்டத்தரணி அனுமதிக்கும் அளவுக்கு, முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்தால் வேறு யாராவது சொல்வார்கள், அப்புறம் நிகழ்ச்சியே அதைப் பற்றியதாகிவிடும். பழக்க தோஷத்தில் “எந்த ஊர், முழுப்பெயர் என்ன?” என்று கேட்காதீர்கள். மற்ற அறிவிப்பாளர் கேட்டால் அது குசலம், நீங்கள் கேட்டால் விசாரணை. அழைப்பவரின் இலக்கத்தை உங்கள் கண்ணில் காட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் சொல்லி, அதை நேயர்களுக்கும் அறிவியுங்கள்.

காணாமலாக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு தாய் கேட்பார். கட்டாயம் கேட்பார். பகுப்பாய்வு செய்ய வேண்டாம், காணாமற்போனோர் அலுவலகத்துக்குப் போங்கள் என்று தள்ளிவிடவும் வேண்டாம். அங்கே போய்ச் சலித்தவர்களே அநேகர். தெரியாது என்பது உண்மையானால் அதை மட்டும் சொல்லி, அவரைப் பேச விடுங்கள்.

இவ்வளவுக்கும் தயாரா என்று பார்க்க, முதலில் வேறொருவரின் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள்.