‘ராசியில்லாதவள்’ என்று சொல்லி மகளின் பாட்டை நிறுத்திவிட்டார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பலெர்மோவில் வசிக்கிறோம். மகளுக்கு 24 வயது. 5 வருடமாக ஒரு இத்தாலிய இசைக்குழுவில் பாடிவந்தாள். போன கோடையில் இரண்டு மேடைகளில் கரண்ட் போனது, ஒரு நிகழ்ச்சி மழையில் நின்றது. உடனே ‘யெல்லா’ (துரதிர்ஷ்டம்), ராசியில்லாதவள் என்று குழுவுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதமாகப் பாட்டே வேண்டாம் என்கிறாள். மைக்கைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். “பெரிய பாடகி மியா மார்த்தினிக்கே அப்படிச் செய்தவங்கள், நான் எந்த மூலைக்கு?” என்கிறாள். பாடச் சொல்லி நெருக்குவதா, விட்டுவிடுவதா?

– ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நெருக்கவேண்டாம். மகள் சொன்ன உதாரணத்தையும் மறுத்துப் பேசாதீர்கள். மியா மார்த்தினிக்கு நடந்தது அநியாயம்தான். 1972, 1973 இரண்டு வருடமும் ஃபெஸ்டிவல்பார் பாட்டுப் போட்டியில் வென்றவர் அவர். 1970 இல் சிசிலியில் பாடிவிட்டுத் திரும்பும்போது நடந்த வேன் விபத்தில் குழுவினர் இருவர் இறந்ததை வைத்தே அவர் ராசியில்லாதவர் என்ற கதை கிளம்பியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1982 இல் சான்ரெமோ பாட்டு விழாவில் விமர்சகர் பரிசு என்று ஒன்றை அவருக்காகவே உருவாக்கினார்கள். மறு வருடமே பாட்டை விட்டு ஒதுங்கினார். பாட முடியாமல் போகவில்லை, பாடவிடவில்லை.

1978 இல் மேடையை விட்ட பாடகி மினாவின் விடயம் வேறு. 1967 இலேயே சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்தவர், விரும்பி விலகினார், பிறகும் இசைத்தட்டுகள் வெளியிட்டபடியே இருந்தார். மகளிடம் ஒன்றைக் கேளுங்கள்: வேண்டாம் என்பது பாட்டையா, மேடையையா, அந்தக் குழுவையா? பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

மியா 1989 இல் சான்ரெமோவுக்குத் திரும்பினார். பாடியது 1972 இல் எழுதப்பட்டுக் கிடந்த பாட்டு. மறுபடி விமர்சகர் பரிசு. ஆனால் 1995 இல் 47 வயதிலேயே அவர் காலமானதும் மகளுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே “அவ திரும்பி வந்தவதானே” என்ற ஆறுதல் எடுபடாது.

அவள் மனம் இப்போது கெட்டுப்போன மூன்று இரவுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. 5 வருட நிகழ்ச்சிகள் அத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: திகதி, இடம், கோளாறு, காரணம். வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி 3 கிலோவாட் இணைப்பில் ஒலிபெருக்கி, மேடை விளக்கு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் மீட்டர் விழுந்து கரண்ட் போகத்தான் செய்யும். அந்தக் காரணத்தை அவள் தன் கையாலேயே எழுதவேண்டும். நீங்கள் சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும்.

பாட மனம் வந்தால் முதல் இரண்டு கிழமை தினமும் 10 நிமிடம், வாய் மூடிய ஹம்மிங் மட்டும். மூன்று மாதம் பயிற்சி விட்டுப்போன தொண்டையில் நேரே மியாவின் உச்சஸ்தாயியைப் பிடித்தால் குரல் கம்மும். பிறகு “பார், குரலும் போயிற்று” என்று அதையும் ராசிக் கணக்கில் சேர்த்துவிடுவாள். அதன்பின் ஒரேயொரு கிட்டார்காரரோடு, வீட்டில். பழைய குழுவிடம் போகத் தேவையில்லை.

தூக்கம், சாப்பாடு, குளியல் இரண்டு கிழமைக்கு மேல் குலைந்திருந்தால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். உங்கள் பகுதியின் கொன்சுல்தோரியோவிலும் (அரச குடும்ப ஆலோசனை நிலையம்) உளவியலாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சாவைப் பற்றிக் கதைத்தால் காத்திராமல் 112 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

மைக்கை நீங்கள் வெளியே எடுத்து வைக்காதீர்கள். அந்தத் துவாயை அவளே அவிழ்க்கட்டும்.